எடை பார்க்கும் காலை

பிள்ளைகளை மல்யுத்தப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் எடை பார்க்கும் நேரம்தான். விடிந்தும் விடியாத வேளையில் பையன்கள் ஓர் அறையின் வாசலில் வரிசையாக நிற்பார்கள். சிலருக்கு உதடு வெடித்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். சென்ற ஆண்டு ஒரு பையன் காலி பாட்டில் ஒன்றில் விடாமல் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான். எச்சிலும் எடைதானே என்று யாரோ பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை சேர்ந்திருந்தது. அவனுக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம்.

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. 1990-இல், பத்தொன்பது வயதில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், எடை குறைந்த எதிராளிகள் கிடைக்கும் 52 கிலோ பிரிவில் நிற்பதற்காக நான் ஐம்பத்தைந்தரை கிலோவிலிருந்து இறங்கினேன். உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு விடுதியின் மொட்டை மாடியில் ஓடினேன். கடைசி ஒன்றரை நாள் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினேனே தவிர விழுங்கவில்லை. தராசு என்னை ஏற்றுக்கொண்டது. ஆட்டம் தொடங்கியதும் எதிராளி என் இடக்காலைப் பற்றினான். காலை உருவிக்கொள்ள முயன்றபோது கெண்டைச் சதை சுருண்டு கல்லாகிவிட்டது. ஒரு நிமிடம் ஆவதற்குள் என் இரண்டு தோள்களும் மேட் மீது படிந்திருந்தன.

அன்றோடு இந்தப் பித்து தெளிந்திருக்கலாம், தெளியவில்லை. கபடி ஆடிக்கொண்டிருந்த என்னைக் குஸ்திக்கு இழுத்தது, எதிராளியின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்தக் கணத்தைக் கண்ணுக்கு முன்பாக உள்ளங்கை அறிந்துகொள்ளும் விந்தைதான். அதற்கு நான் கொடுத்த விலை பணியாரம் போல உப்பிய இடது காது. சங்கப் புலவர் ஒருவர், ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் பாடும்போது, அவன் ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் பின்புறத்தைத் தடுத்து நின்றான் என்று சொல்கிறார். உரையாசிரியர்கள் வீரத்தைப் பார்க்கும் அந்த இடத்தில் நான் பிடியைப் பார்க்கிறேன். கால் வைத்த முறை சரியாகத்தான் இருக்கிறது. ‘குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை’ என்று ஊரார் கேலி செய்வதும் எங்கள் விதிப்படி பாதி அநியாயம். மல்லாந்து விழுந்து இரு தோள்களும் தரையைத் தொட்டால்தான் ஆட்டம் அதோடு முடியும். குப்புற விழுந்தவனுக்குப் புள்ளிதான் போகும், ஆட்டம் மிச்சமிருக்கும். ஆகவே என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் குப்புற விழத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

விழுவதும் கழுத்தைப் பலப்படுத்துவதும் காலைப் பிடிப்பதும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்துவிடும். எடை விஷயத்தில்தான் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நான் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. உடல் எடையில் இரண்டு விழுக்காடு அளவுக்கு நீர் வற்றினாலே இரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். வியர்வை வற்றுவதால் சூடு உள்ளேயே தங்கிவிடும். 1997-இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே இறந்துபோனார்கள். அதன்பின் கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடைகளையும் நீராவி அறைகளையும் தடை செய்தார்கள். அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்ற விதியும் பின்னர் வந்தது. ஐம்பது கிலோ பையனுக்கு அது முக்கால் கிலோ. நானும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி நடக்கவிருந்த நாளின் காலையில், நூறு கிராம் கூடுதலாக இருந்ததற்காக வினேஷ் போகாட் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது நாடே அழுதது. ஆனால் என்னைக் கலங்க வைத்தது அதற்கடுத்து வந்த நல்ல செய்திதான். 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற அமன் செஹ்ராவத், அரையிறுதி முடிந்த பிறகு ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்ததாகச் செய்திகள் வந்தன. மருத்துவரும் பயிற்சியாளர்களும் விடிய விடிய உடனிருந்து செய்த காரியம் அது. தெருவில் மழைக்கோட்டோடு ஓடும் பையனுக்கு அந்த எண் மட்டும்தான் காதில் விழும். அடுத்த வாரமே என்னிடம் பயிலும் ஒருவன் வந்து, “சார், ஒலிம்பிக்லயே நாலரை கிலோ குறைக்கிறாங்க, என்னால ரெண்டரை கிலோ முடியாதா?” என்று கேட்டான்.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 48-க்கு அடுத்தது 51. அவன் எடை 50.4. அவனுடைய உயரத்துக்கு 48-இல் அவனை அசைக்க ஆள் கிடையாது என்பது எனக்கும் தெரியும். போட்டிக்கு ஐந்தே நாள் இருந்தது. முடியாது என்றேன். அவன் அப்பா தொலைபேசியில் அழைத்து, “ஒரு சர்டிபிகேட் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்றார். அந்தக் கவலையைத் தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் 51 என்றுதான் பெயர் கொடுத்தேன்.

எடை பார்த்து முடிந்ததும் வராண்டாவில் உட்கார்ந்து, நான் கொண்டுபோயிருந்த ஆறு இட்லியையும் வாழைப்பழத்தையும் வஞ்சனையில்லாமல் தின்றான். முதல் ஆட்டத்தில் எளிதாக வென்றான். இரண்டாவதில், அவனைவிட அகன்ற தோளுடைய ஒருவனிடம், நான்குக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தவன் கடைசிப் பத்து நொடிகளில் காலைக் கொடுத்து, பின் உருட்டலில் புள்ளிகளையும் கொடுத்துத் தோற்றான். மறுபக்கத்து மேட் மீது 48 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய பையனை அவன் பயிற்சியில் பலமுறை வீழ்த்தியிருக்கிறான்.

திரும்பி வரும் பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவன், “48-ல நின்னிருந்தா ஜெயிச்சிருப்பேன் சார்” என்றான். ஜெயித்திருக்கலாம்தான். நான் பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.