மட்டக்களப்பு கல்லடியில பழைய வீடு வாங்கினம், ஓதத்தப் பத்தி, அதான் சுவரில ஏறுற ஈரத்தப் பத்திக் கொஞ்சம் எழுதுறன்

கச்சான் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில மட்டக்களப்பில எந்தப் பழைய வீட்டப் போய்ப் பாத்தாலும் நல்லாத்தான் இரிக்கும், சுவர் காஞ்சு நிலம் காஞ்சு, புதுசா பெயின்ட்டும் அடிச்சிருப்பாங்க. அதால வீடு வாங்க நிக்கிற ஆக்களுக்கு முதல்ல சொல்றது, விலையப் பேசுங்க, ஆனா உறுதி, அதான் வீட்டுப் பத்திரம், எழுத முதல் ஒரு மாரி மழையில போய் அந்த வீட்டுக்குள்ள நில்லுங்க. இஞ்ச வருசத்து மழையில பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலதான் கொட்டுது, வாவி நிரம்பினா கிணத்துத் தண்ணியும் மேல வந்திரும், சுவர் என்ன செய்யுதெண்டு அப்பதான் தெரியும்.

நாங்க பாத்த வீடு 1978 சூறாவளிக்கு முந்திக் கட்டினது. கூரை அந்தச் சூறாவளியில போய் மறுகா போட்டதாம், சுவர் பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முன் ஹோலில முழங்காலுக்குக் கொஞ்சம் மேல நீளத்துக்கு ஒரு கோடு, அதுக்குக் கீழ பெயின்ட் பொருமி நிக்குது, விரலால தட்டினா தகடு தகடா விழுது, உள்ளுக்க வெள்ளப் பொடி, நாக்கில வச்சுப் பாத்தன், நல்ல உப்பு. வீட்டுக்கார ஐயா "அது ஒண்டுமில்ல மகள், ரெண்டு கோட் அடிச்சாப் போயிரும்" எண்டாரு. அவரு மறைக்கல்ல, வருசா வருசம் அப்பிடித்தான் அடிச்சு வந்திருக்காரு.

வீடு எங்களுக்குப் பிடிச்சிட்டு, விடவும் மனமில்ல. அதால நொத்தாரிசிட்டப் போய் அக்ரிமென்ட் மட்டும் எழுதி முற்பணம் குடுத்தம், மாரி முடிஞ்சாப் பிறகு உறுதி, அதுக்குள்ள ஓத வேலைக்கு எவ்வளவு முடியுமெண்டு பாத்து விலையில கழிக்கிறதெண்டு அதிலயே எழுதிக்கிட்டம். ஐயாவும் ஓமெண்டாரு, அந்த நல்ல மனசுக்கு அவர நான் மறக்க மாட்டன்.

மறுகா ஒரு வயசான மேசனாரக் கூட்டிட்டுப் போனம். மனுசன் உள்ள வரவே இல்ல, வீட்டச் சுத்தி வெளியால நடந்தாரு. "மகள், உள் நிலத்த விட வெளி மண் உசரமா இரிக்கு பாருங்க" எண்டாரு. வெள்ளத்துக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமா கிறவல் போட்டு வளவ உசத்தியிருக்காங்க, ரோட்டும் கார்பட் போட்டு உசந்திட்டு. மம்பெட்டியால சுவரோட ஒட்டித் தோண்டினாரு, அரை அடிக்குக் கீழ அத்திவாரத்துக்கு மேல பூசின தார் கறுப்பா ஒரு வரியா வந்திச்சு. நிலத்து ஈரம் மேல ஏறாம மறிக்கத்தான் அந்தத் தார், அது மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தா ஈரம் அதத் தாண்டி நேரா சுவருக்க போகுது. அதோட வெளிப்பக்கம் பிறகு சீமெந்துப் பூச்சு பூசியிருக்காங்க, சுண்ணாம்புச் சுவர் குடிச்ச தண்ணி வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறுது.

ஆனா எல்லா ஈரமும் ஒரே ஈரமில்ல, இத நல்லா விளங்கிக்கணும். குசினிச் சுவரில ஈரம் மேல இருந்து கீழ வந்திச்சு, அது கூரைத் தண்ணி ஓடுற பீலியில ஓட்டை, சின்ன வேல. பாத்ரூம் சுவர் கோடையிலயும் ஈரமாத்தான் இருந்திச்சு, எல்லாப் பைப்பையும் பூட்டிட்டுத் தண்ணி மீற்றரப் பாத்தா முள்ளு மெதுவா சுத்துது, அப்ப சுவருக்குள்ள ஓடுற பைப்பிலதான் லீக். அறைச் சுவர் ஒண்டு சந்தேகமா இருந்திச்சு, பொலித்தீன் துண்டொண்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி விட்டம், ஈரம் பொலித்தீனுக்கு உள்பக்கம் சுவரோட இருந்தா சுவரில இருந்து வருது, வெளிப்பக்கம் துளிச்சா அறைக் காத்தில இருக்கிற ஈரம். எங்களுக்கு வெளிப்பக்கம்தான், ஜன்னலத் திறந்து விட்டதோட அது சரி.

சுவரில துளை போட்டு ஈரம் ஏறாம மறிக்கிற மருந்து அடிக்கிறமெண்டு ஒரு கம்பனிக்காரங்க பெரிய விலை சொன்னாங்க. அந்த முறை சில சுவருக்குச் சரிவரும், ஆனா வெளி மண் உசரமா இருக்கிற வரைக்கும் அதக் குடுத்து என்ன பலன்? மண்ண வெட்டித் தார் வரிக்கு அரை அடி கீழ இறக்கினம், ஹோலில கோட்டுக்கு ஒண்டரை அடி மேல வரைக்கும் உப்பேறின பூச்ச முழுசா உடைச்செடுத்தம். ஈரம் ஏறுறது நிண்டாலும் உப்பு விடாது, காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுத்துச் சுவர நனைச்சிட்டே இரிக்கும், அதால பழைய பூச்சு கட்டாயம் போகணும். திரும்பப் பூசினது சுண்ணாம்பும் ஆத்து மண்ணும், கடல் மண் கலந்தா மறுபடி உப்புத்தான்.

பெயின்ட்டுக்கு அவசரப்படாதீங்க. ஒரு இஞ்சி சுவர் காய ஒரு மாசமெண்டு கணக்கு, அப்ப 9 இஞ்சிச் சுவருக்கு முக்கால் வருசம், வந்து போறவங்க "என்ன புள்ள, வீடு இன்னும் முடியல்லியா" எண்டு கேப்பாங்க, கேக்கட்டும். கழிச்ச விலையில இந்த வேலையெல்லாம் முடிஞ்சிது, முத்திரை வரி 4 வீதம் அளவில வேற இரிக்கு, அது வாங்கிறவங்கதான் கட்டணும், பட்ஜெட்டில முதலே வையுங்க.

அடுத்த மாரிக்கு ஹோலில கோடு திரும்ப வரல்ல. பின்பக்க மூலையில மட்டும் இன்னும் உப்புப் பூக்குது, பக்கத்து வளவுத் தண்ணி எங்கட சுவரோட வந்து நிக்குது, அந்த மாமியோட கதைச்சு ரெண்டு வீட்டுக்கும் பொதுவா தண்ணி ஓட ஒரு கான் வெட்டுறதெண்டு இரிக்கம்.