நான்காவது பீஸாக சர்க்கரைத் தேவதை: கிரேடு 5 பெர்ஃபார்மன்ஸ் அனுபவம்

நேற்று என் ABRSM பியானோ கிரேடு 5 பெர்ஃபார்மன்ஸ் தேர்வின் ரிசல்ட் வந்தது. நான்கு பீஸ்களை வாசித்து வீடியோவாகப் பதிந்து அனுப்பும் தேர்வு இது. டிஸ்டிங்ஷன்! நான்காவது பீஸுக்கு 30க்கு 28. தேர்வுப் பட்டியலிலிருந்து எடுக்கும் மூன்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாமே தேர்ந்தெடுக்கும் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் எடுத்தது ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் வரும் சர்க்கரைத் தேவதை நடனம். எளிமைப்படுத்திய பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன, பல கிரேடு 5 தரத்துக்கு எட்டாதவை. மூல சுருதியான இ மைனரில் உள்ளதையே தேடுங்கள்.

இது பியானோவுக்குப் பிறந்த இசை அல்ல. 1891இல் பாரிஸில் செலஸ்டா என்ற, மணிபோல் ஒலிக்கும் புது விசைப்பலகைக் கருவியைக் கேட்டு மயங்கிய சைக்கோவ்ஸ்கி, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்ளக் கூடாதென்று அதை ரகசியமாக வரவழைக்கச் சொன்னார். நீரூற்றுத் துளிகள் தெறிப்பதுபோல் இசை வேண்டுமென்று கேட்டவர் நடன ஆசிரியர் பெத்திப்பா. இதைப் படித்த பிறகுதான் என் வாசிப்பு மாறியது.

ஆகவே, ஒலியை நீட்டிக்கும் பெடலைத் தொடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், தொடவே தொடாதீர்கள். இடது கை வாசிப்பது, ஆர்கெஸ்ட்ராவில் வில் இல்லாமல் விரலால் மீட்டும் தந்திகளின் பகுதி. மீட்டிய கணமே ஒலி அடங்க வேண்டும். பெடல் போட்டால் துளிகள் ஒன்றாகிக் குட்டையாகத் தேங்கிவிடும். நான் இரு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்தே பழகினேன். மிஸ் முதலில் இடது கையை மட்டுமே வாசிக்க வைத்தார். அது தனியாகவே ஆட்டத்தைத் தாங்கும் வரை வலது கையைச் சேர்க்க விடவில்லை.

மற்றவை:

- பேஸ் கிளாரினெட் (தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவி) வழுக்கி இறங்கும் பதில் மட்டும் லெகாட்டோ, அதாவது சுரங்களை இடைவெளியின்றி இணைத்து. அங்கும் விரல்தான், பெடல் இல்லை.
- ஓடாதீர்கள். நுனிக்காலில் நிற்பவள் அடுத்த அடி வைக்க நேரம் வேண்டும்.
- ஆர்கெஸ்ட்ரா பதிவைத் தினமும் கேளுங்கள். பியானோ பதிவுகள் வேண்டாம்.
- சில கைபேசிகள் மெல்லிய ஒலியையும் உரத்ததையும் ஒரே அளவாக்கிவிடும். முன்கூட்டியே பதிந்து பாருங்கள்.

நான் பொறுமையாகக் கேட்டு வாசிக்கிற ரகம், அதனால் இது எனக்குப் பொருந்தியது. துள்ளலான விரல் உள்ளவர்கள் டெலிபின் 'சில்வியா' (1876) பாலேயிலிருந்து பிட்ஸிக்காட்டியை (தந்திகளை விரலால் மீட்டும் பகுதி) பார்க்கலாம். பெடல் விதி அதற்கும் உண்டு.

வரிசையில் இதைக் கடைசியில் வைத்தேன். நான்கையும் ஒரே மூச்சில் பதிய வேண்டும், முழு நிகழ்ச்சிக்கென்று தனியே 30 மதிப்பெண் இருக்கிறது. சத்தமான பீஸுக்குப் பிறகு கைகளை மடியில் வைத்து, அறை முழுக்க அமைதியானதும் தொடங்குங்கள்.