காது வலியும் காலை எட்டு மணியும்

பிரிட்டனில் படிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணம் என்று 1,164 பவுண்டு கட்டியாகிவிட்டது. மாணவர்களுக்கு வருடத்துக்கு 776. ஒரு வருடப் படிப்புக்கு விசா அதற்கும் மேலே சில மாதம் வருவதால் இன்னொரு பாதி. நம் காசில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். அப்பா ரசீதை பிரின்ட் எடுத்து, "இதக் காட்டுனா அங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் பாப்பாங்க, பத்திரமா வச்சுக்க" என்று ஃபைலில் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பர்மிங்ஹாம் வந்து ஒன்பதாம் நாள் வலது காது வலிக்க ஆரம்பித்தது. மதுரையில் என்றால் சாயங்காலம் தெருமுனை டாக்டரிடம் டோக்கன் போட்டு, ஒரு ஊசி, மூன்று வேளை மாத்திரை, அவ்வளவுதான். இங்கே வீட்டருகே உள்ள ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் முதலில் பதிவு செய்ய வேண்டும். இதை ஊரில் யாரும் சொல்லவில்லை. பணம் கட்டியது வேறு, பதிவு வேறு.

அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னதுதான் தப்பு. "ரெண்டு பல் பூண்டத் தட்டி நல்லெண்ணெயில காய்ச்சி ரெண்டு சொட்டு விடுடி." விட்டேன். வலி குறையவில்லை, அறை முழுக்க ரசம் வைத்த வாசனை.

மருந்துக்கடைக்குப் போனேன். இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து ஏழு உபாதைகளுக்கு டாக்டர் சீட்டில்லாமல் மருந்தாளுநரே பார்த்து மருந்து தரலாம். அதில் காது வலியும் உண்டு. நிம்மதியாக உட்கார்ந்தேன். வயது கேட்டார். 23 என்றேன். காது வலிக்கு மட்டும் 17 வயது வரைதான் என்றார். அவர் முகத்திலும் பாவம் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கிளினிக்குக்கு போன். எட்டுக்குத்தான் லைன் திறக்கும், ஊரே அப்போதுதான் கூப்பிடும். 27ஆவது ஆளாக முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டபின், நீங்கள் எங்களிடம் பதிவில்லையே என்றார்கள். நேரில் போனால் முகவரிச் சான்று. அதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும். கணக்குத் திறக்கப் பல்கலைக்கழகக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு ஐந்து வேலை நாள். உண்மையில் ஜி.பி. பதிவுக்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை, இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது. இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். தளத்திலேயே இருக்கிறது. வீட்டில் கூட இருக்கும் கோயம்புத்தூர் அக்கா அதைக் காட்டி, "சண்டையெல்லாம் போடாத கண்ணு, ஆன்லைன்ல போட்டு விட்ரு" என்றார். போட்டேன்.

அன்று ராத்திரி தலையணையில் தலை வைக்க முடியவில்லை. அக்காதான் என்.எச்.எஸ். உதவி எண் 111க்கு அடிக்கச் சொன்னார். அது இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், பதிவும் வேண்டாம். மூச்சு விட முடிகிறதா, நெஞ்சு வலியா, கழுத்தை மடக்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். காது சார், காது என்று கத்தத் தோன்றியது. முதலில் உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். எனக்குக் கேட்கக் கூச்சம். மறுநாள் காலை பத்தரைக்கு அவசர சிகிச்சை மையத்தில் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஏதாவது ஊற்றினீர்களா?" பூண்டு எண்ணெய் என்றேன். ஒரு நொடி நிறுத்தி அதையும் கம்ப்யூட்டரில் தட்டினார். என் மருத்துவக் குறிப்பில் அம்மாவின் கைவைத்தியம் நிரந்தரமாக ஏறிவிட்டது. வெளிக்காதில் தொற்று, சொட்டு மருந்து போதும் என்றார்.

சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. பாரசிட்டமாலும் எழுதியிருந்தது. அதைச் சீட்டில் வாங்காதீர்கள், அலமாரியில் ஒரு பவுண்டுக்கும் குறைவு என்று கடைக்காரம்மா நல்ல மனதோடு சொன்னார். சொட்டு மருந்துக்கு மட்டும் கட்டினேன். வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவம் போட்டால் இதுவும் இலவசமாகலாம், மாணவர்களும் போடலாம். ஆனால் கட்டியதைத் திரும்பப் பெற, பணம் கொடுக்கும்போதே எஃப்.பி.57 ரசீது கேட்டு வாங்கியிருக்க வேண்டும், பிறகு தரமாட்டார்கள். இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

காது முழுதாக ஆறிய பிறகு, ஆன்லைனில் பதிவு போட்ட பன்னிரண்டாம் நாள், கிளினிக்கிலிருந்து குறுஞ்செய்தி: பதிவு முடிந்தது, நல்வரவு. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு அழைக்கவும்.