பெங்களூரில் நாயோடு விளையாட்டுப் பயிற்சி: வகுப்பு தேடுவதிலிருந்து போட்டி ரிங் வரை

பெங்களூரில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது, “அஜிலிட்டி க்ளாஸ் எங்கேங்க இருக்கு?” என்பதுதான். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவிலேயே பிறந்த என் நாய் பொன்னியோடு நான் ஒபீடியன்ஸும் அஜிலிட்டியும் பழகிவருகிறேன். அதனால் கேட்கிறார்கள். ஒரு முகவரியைக் கையில் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. முகவரி கிடைப்பது சுலபம். அந்த மைதானத்தில் உங்கள் நாய் எப்படி நடத்தப்படும் என்பதை நீங்களே நேரில் பார்த்து முடிவுசெய்வதுதான் கடினம், முக்கியமும் அதுவே.

அதற்கு முன்னால், எந்த விளையாட்டு என்று யோசியுங்கள். ஒபீடியன்ஸில் நாய் உங்கள் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும், சொன்ன இடத்தில் உட்கார்ந்தோ படுத்தோ காத்திருக்க வேண்டும், கூப்பிட்டதும் நேராக ஓடி வர வேண்டும், டம்பெல்லைக் கவ்வி எடுத்து வர வேண்டும். மேல்நிலைக்குப் போனால், ஒரே மாதிரியான பல பொருள்களுக்கு நடுவில் உங்கள் கை வாசம் பட்டதை மட்டும் மோந்து எடுப்பதும் சேரும். அஜிலிட்டி என்பது தடை ஓட்டம்: ஹர்டில், டனல், டயர், கூரைபோல் இரு பக்கமும் சரிந்த ஏ-ஃப்ரேம், டாக் வாக் எனப்படும் உயரமான நடைபலகை, சீசா எனப்படும் ஏறி இறங்கும் பலகை, நட்டு வைத்த கம்பங்களுக்குள் வளைந்து ஓடும் வீவ். குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து அமைத்து, 1978-இல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியின் இடைவேளையில் கூட்டத்துக்குக் காட்டினார்கள். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. நோஸ்வொர்க் முழுக்க முழுக்க மூக்கு வேலை: ஒளித்து வைத்ததை மோந்து கண்டுபிடிப்பது. வயதான நாய், பயந்த சுபாவமுள்ள நாய், மூச்சு வாங்கும் பக், ஷிட்சூ எல்லாவற்றுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஐ.ஜி.பி. என்று இன்னொன்று உண்டு. தடம் பிடித்தல், ஒபீடியன்ஸ், பாதுகாப்பு என மூன்று பகுதிகள். 2019 வரை அதற்கு ஐ.பி.ஓ. என்று பெயர். அதில் நுழைவதற்கே, நாய் ஊருக்குள் மனிதர்களோடு நிதானமாக இருக்கிறதா என்று தனியாக ஒரு தேர்வு வைப்பார்கள். “காவல் ட்ரெய்னிங்” என்ற பெயரில் நாயைச் சீண்டிவிட்டுக் கடிக்கப் பழக்குவது அந்த விளையாட்டோடு சேராது. குடும்பத்தில் குழந்தைகள் இருக்கும் வீட்டு நாயை அதற்குத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

“நாட்டு நாய்க்கு எதுக்கும்மா க்ளாஸு?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நாட்டு நாய்க்கு உடம்பு லேசு, கால் சுறுசுறுப்பு, வெயிலைத் தாங்கும், சட்டென்று கற்றுக்கொள்ளும். தெருச் சத்தத்தில் வளர்ந்திருந்தால் ஒலிபெருக்கிக்கு அவ்வளவாக மிரளாது. ஆனால் அது முகம் தெரியாதவர்களிடம் சேர நாளாகும். அதற்கு நேரம் கொடுக்கும் ட்ரெய்னர் வேண்டும்.

உடம்பு விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் முடிந்து, கார்டில் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். மழைக்குப் பிறகு புல்வெளியில் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சலை நம் ஊர் வெட்கள் (கால்நடை மருத்துவர்கள்) தினமும் பார்க்கிறார்கள், ஆகவே உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். குட்டிக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும் வரை உயரம் தாண்ட வைக்கக் கூடாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு இது ஒன்று, ஒன்றரை வயது வரைகூட ஆகும். சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி அஜிலிட்டிப் போட்டியில் இறங்கவே நாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். லேப்ரடார் வைத்திருப்பவர்கள் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. நாய் குண்டாக இருந்தால் முதல் பயிற்சி சாப்பாட்டுத் தட்டில்தான்.

இனி வகுப்பு தேடுவது. உங்கள் வெட்டிடம் கேளுங்கள். ஞாயிறு காலையில் கப்பன் பார்க் நாய்ப் பூங்கா பக்கம் போனால், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் நாய் ஒன்றாவது கண்ணில் படும். அதன் சொந்தக்காரரிடம் யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரியுங்கள். இன்னும் நல்ல வழி, கென்னல் க்ளப் ஆஃப் இந்தியாவோடு இணைந்த க்ளப்கள் நடத்தும் ஷோக்களுக்குப் பார்வையாளராகப் போவது. பெரும்பாலும் வெயில் குறைந்த மாதங்களில் நடக்கும். அழகுப் போட்டி ரிங்கைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் ஒபீடியன்ஸ் ரிங் ஓரமாக நின்று, வெளியே வருபவர்களிடம் பேசுங்கள். தன் நாயைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அஜிலிட்டிக்குப் பெரிய இடம் தேவை, அதனால் மைதானங்கள் ஊரின் விளிம்பில்தான் இருக்கும்: ஹென்னூர் தாண்டி, சர்ஜாபூர் பக்கம், கனகபுரா ரோடு பக்கம். ஹெப்பாளிலோ சில்க் போர்டிலோ ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த நாயை இறக்கியதும் ரிங்கில் விடாதீர்கள். கால் மணி நேரமாவது மண்ணை மோந்துகொண்டு திரியட்டும். தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வாராவாரம் போக முடிகிற சுமாரான மைதானம், எப்போதாவது போகிற பிரமாதமான மைதானத்தைவிட உதவும்.

இடம் முடிவானதும், சேர்வதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். “முடியாது” என்றால் அதோடு விட்டுவிடுங்கள். உள்ளே போனதும் ட்ரெய்னரின் பேச்சைக் கேட்காமல் நாய்களைப் பாருங்கள். வால் எந்த நிலையில் இருக்கிறது? சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைப் பின்னால் மடக்குகிறதா? இவை நாய் நெருக்கடியில் இருப்பதன் அடையாளங்கள். ஒரு நாயிடம் அவ்வப்போது தெரிந்தால் பரவாயில்லை. எல்லா நாயிடமும் தெரிந்தால் அந்த மைதானத்தில் ஏதோ சரியில்லை.

அப்புறம், ஒரு நாய் தப்பு செய்யும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நான் பார்க்கப் போன ஓர் இடத்தில், உட்காராத பீகிள் ஒன்றின் கழுத்துச் செயினை வெடுக்கென்று மேலே இழுத்தார்கள். அது உட்கார்ந்தது. அதன் பிறகு, வகுப்பு முடியும் வரை அது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கீழ்ப்படிந்ததாக அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நல்ல ட்ரெய்னர், நாய் தடுமாறினால் பாடத்தை எளிதாக்குவார்: தூரத்தைக் குறைப்பார், தடையைத் தாழ்த்துவார், அருகிலுள்ள நாயைத் தள்ளி நிறுத்துவார். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே கிளிக்கரோ (‘கிளிக்’ என்று ஒலிக்கும் சின்னக் கருவி) ஒரே ஒரு சொல்லோ கொண்டு குறித்துவிட்டு, உடனே ட்ரீட் கொடுப்பார். முக்கால்வாசி நேரம் அவர் பேசுவது நாயோடு அல்ல, லீஷைப் பிடித்திருக்கும் உங்களோடு.

அவரிடம் சில கேள்விகளை வெளிப்படையாகக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை நாய்? குட்டிகளுக்கு ஹர்டில் எவ்வளவு உயரம்? தரை என்ன, சிமெண்ட்டா புல்லா? (சிமெண்ட்டில் தாண்ட வைக்கிறார்கள் என்றால் வேண்டாம்.) அவருடைய சொந்த நாய் எந்த ரிங்கில் இறங்கியிருக்கிறது? “ஒரு மாசத்துல கியாரண்டி” என்பவரிடமும், “நாயை எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, பழக்கித் தரோம்” என்பவரிடமும் இந்த விளையாட்டுகளுக்காகப் போகாதீர்கள். ரிங்கில் நாயோடு ஓடப்போவது நீங்கள். உங்கள் கையசைவை வேறொருவர் கற்றுக்கொடுக்க முடியாது.

வகுப்பு வாரம் ஒருமுறை என்றால், படிப்பு நடப்பது வீட்டில். மொட்டை மாடி, அபார்ட்மெண்ட் வராண்டா, இரவில் காலியாகும் பார்க்கிங் எதுவும் போதும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளுக்குச் சில தடவை. நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பொன்னியின் காலைச் சாப்பாட்டில் பாதி, பயிற்சியில்தான் போகும். மைதானத்துக்கு வேகவைத்த கோழி ஈரல், பனீர் மாதிரி வீட்டில் கிடைக்காத ஒன்றைக் கொண்டுபோங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே கட்டளையைச் சொல்லுங்கள். பாட்டி “உட்காரு” என்றும் பேரன் “சிட்” என்றும் சொன்னால் பாவம், அது குழம்பிப்போகும்.

முதலில் கற்பிக்க வேண்டியவை கண்ணுக்குக் கவர்ச்சியாக இருக்காது: உங்கள் முகத்தைப் பார்ப்பது, கூப்பிட்டால் வருவது, நீங்கள் நடந்து விலகிய பிறகும் தொடக்கக் கோட்டில் அசையாமல் இருப்பது. தெருநாய் நிறைந்த நம் தெருவில் இதைப் பழகிய நாய் எந்த ரிங்கிலும் நிற்கும். ஆரம்பத்தில் தெருநாய்களிடமிருந்து நல்ல தூரத்தில் தொடங்கி, நாளாக நாளாக அருகில் போங்கள்.

தடைகளில் மூன்று இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சீசாவின் மறுமுனை தரையில் மோதும் சத்தம் நாயை ஒரே நாளில் வெறுக்க வைத்துவிடும். மணல் மூட்டை மேல் சாய்த்த தாழ்ந்த பலகையில் சின்னச் சத்தத்தோடு தொடங்குங்கள். ஏ-ஃப்ரேம், டாக் வாக், சீசா மூன்றிலும் கீழ்ப்பகுதி வேறு நிறத்தில் இருக்கும். அந்த இடத்தில் நாயின் பாதம் பட்டே ஆக வேண்டும். பின்னங்கால் பலகையிலும் முன்னங்கால் தரையிலுமாக நிற்பதை வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படியிலேயே பழக்கலாம். வீவ் கம்பங்கள் போட்டியில் 12, நடுவில் 60 செ.மீ. இடைவெளி. ஹார்டுவேர் கடை பி.வி.சி. பைப்புகளை இரண்டு வரிசையாக, நடுவில் ஒரு சந்து விட்டு நட்டு, நாயை நேராக ஓட விடுங்கள். வாரங்கள் போகப் போக அந்தச் சந்தின் அகலத்தைக் குறைத்தால் அது தானாக வளையும். கையில் ட்ரீட்டை வைத்து இழுத்துக்கொண்டு போனால், நாய் உங்கள் கையை மட்டும்தான் கற்றுக்கொள்ளும்.

ரிங்கில் சாப்பாடும் பொம்மையும் அனுமதி இல்லை. அதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள். ட்ரீட் டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு தடை முடிந்ததும் இருவருமாக டப்பாவை நோக்கி ஓடுங்கள். பிறகு நான்கு, அப்புறம் ஒரு முழுச் சுற்று. டப்பா தூரத்தில் இருக்கிறது, ஆனால் நிச்சயம் கிடைக்கும் என்று நாய் நம்ப வேண்டும்.

அஜிலிட்டியில் தடைகளின் வரிசையை நடுவர் ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக அமைப்பார். எண் பலகையை நாய் படிக்காது. ஆக, கேள்வித்தாள் உங்களுக்குத்தான். ஓட்டத்துக்கு முன் நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்கச் சில நிமிடம் தருவார்கள். அதில் எங்கே திரும்புவது, எந்தப் பக்கம் ஓடுவது என்று கால்களால் மனப்பாடம் செய்யுங்கள். நாய் உங்கள் குரலைவிடத் தோளையும் பாதத்தையும்தான் அதிகம் படிக்கும். வீட்டில் நாற்காலிகளை அடுக்கி, நாய் இல்லாமலேயே இதைப் பயிற்சி செய்யலாம். தடையின் கம்பு விழுந்தால் 5 தப்புப் புள்ளி, தடையை மறுத்தாலும் 5, மூன்றாவது மறுப்பில் ஓட்டம் ரத்து. முதல் போட்டிகளில் ரத்தாவது சாதாரணம். அப்படி ஆனாலும் சிரித்த முகத்தோடு நாயைக் கொஞ்சிக்கொண்டே வெளியே வாருங்கள். நடந்த தவறு அதற்குத் தெரியாது, உங்கள் முகம் மட்டும் தெரியும்.

விண்ணப்பிக்கும்போது, கென்னல் க்ளப் பதிவும் மைக்ரோசிப்பும் தேவையா என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் இதைச் செய்ய வேண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் புதிய பாடம் எதுவும் தொடங்காதீர்கள். பட்டாசுக்கு நடுங்கும் நாய் எதையும் கற்காது. மார்ச், ஏப்ரலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தரையில் புறங்கையைச் சில நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான்.

பக்கத்தில் நல்ல வகுப்பே கிடைக்காதவர்கள் நோஸ்வொர்க்கை இன்றைக்கே தொடங்கலாம். நான்கைந்து காலி அட்டைப்பெட்டிகளைத் திறந்தபடி தரையில் பரப்புங்கள். நாய் வெளியே இருக்கும்போது ஒன்றில் மட்டும் ஈரல் துண்டை வையுங்கள். உள்ளே விட்டதும் கை காட்டாதீர்கள், பேசாதீர்கள். அது கண்டுபிடித்ததும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னும் இரண்டு துண்டு போட்டுப் பாராட்டுங்கள். எளிதாகக் கண்டுபிடிக்கத் தொடங்கியதும் பெட்டியின் மூடியைப் பாதி மூடுங்கள், அடுத்து வேறு அறைக்கு மாற்றுங்கள், பிறகு மொட்டை மாடிக்கு. அங்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பெட்டியை வையுங்கள். காற்றுக்கு எதிராக வரும்போதுதான் நாய்க்கு வாசம் எட்டும்.