முள்ளில்லாத கரன்ட் புதர்

மே 14, எஸ்டெஸ் பார்க், கொலராடோ

உயரம் 2,300 மீட்டர். வடசரிவில் இன்னும் பனி கிடக்கிறது. வெயில் விழும் தென்சரிவில், பாறை இடுக்கில் வேக்ஸ் கரன்ட் என்ற காட்டுப் பழப்புதர் பூத்துவிட்டது. தாவரவியல் பெயர் ரைபீஸ் சீரியம். இடுப்பு உயரம், முள் கிடையாது. வட்டமான சிறு இலையை விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். நெடியான வாசனையும் வரும். லென்ஸில் பார்த்தால் காரணம் தெரியும். இலை விளிம்பில் மயிரிழைக் காம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் துளிப் பசை.

பூவில் கண்ணுக்குப் படுவது அல்லி இதழே அல்ல. முக்கால் சென்டிமீட்டர் நீள இளஞ்சிவப்புக் குழல், அதன் வாயில் வெளிப்புறமாக மடிந்த ஐந்து புல்லிகள், அவ்வளவுதான். அல்லி இதழ்கள் குழலின் உள்ளே ஒண்டிக்கொண்டிருக்கின்றன, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மே 15

கிளம்பும் நேரத்தில் கீச்சென்று ஒரு ரீங்காரம். அகலவால் ஹம்மிங்பேர்ட். ஆண் பறவை பறந்தால் இறகே சத்தம் போடும். மெக்சிகோ பக்கமிருந்து வந்து சேரும் இவற்றுக்கு, வேறு பூக்கள் அதிகம் இல்லாத இந்த வாரங்களில் கரன்ட் பூ பெரிய உதவி.

ஜூலை 6

மரங்கள் வளரும் உயர எல்லை வரை மேலே ஏறினால் இதன் பங்காளி, ரைபீஸ் மான்டிஜீனம். தண்டெல்லாம் முள். பூ குழலாக இல்லை, தட்டையாக விரிந்திருக்கிறது. ஒரே பேரினம்தான், ஆனால் கையைக் கிழித்துவிட்டது. எனக்கு மலையடியில் இருக்கும் வேக்ஸ் கரன்டையே பிடிக்கும்.

ஆகஸ்ட் 9, ரூஸ்வெல்ட் தேசியக் காடு

பழம் சிவந்துவிட்டது. ஒவ்வொன்றின் நுனியிலும் காய்ந்த பூ இன்னும் தொங்குகிறது. சூலகம் பூவுக்குக் கீழே இருப்பதால் இப்படி. கொய்யாவின் தலையில் புல்லி ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே கணக்கில்தான். ருசி? சப்பென்று இருக்கிறது, விதைதான் அதிகம். சிப்மங்க் அணில்களுக்கும் கரடிக்கும் புகார் இல்லை.

ஆகஸ்ட் 24

இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே பொழுது போயிற்று. ஆரஞ்சுப் பொடி தென்படுகிறதா என்று. வெள்ளைப் பைன் துரு நோய்ப் பூஞ்சை, குரோனார்ஷியம் ரிபிகோலா, ஒரு பாதி வாழ்க்கையை ஐந்தூசிப் பைனிலும் (கொத்துக்கு ஐந்து ஊசியிலை உள்ள பைன்) மறுபாதியை ரைபீஸ் இலையிலும் கழிக்கிறது. பைனிலிருந்து வசந்தத்தில் கிளம்பும் வித்துகள் வெகுதூரம் பறந்து கரன்ட் இலையில் இறங்கும். கரன்டிலிருந்து இலையுதிர் காலத்தில் பைனுக்குத் திரும்பும் வித்துகள் நோஞ்சான்கள். ஈரக்காற்று இல்லாவிட்டால் வழியிலேயே செத்துவிடும்.

அதனால் பக்கத்துக் கரன்டை ஒழித்தால் பைன் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கரன்ட் வளர்க்க அமெரிக்க மத்திய அரசு தடை போட்டது. 1966 வரை அது நீடித்தது. 1930-களின் வேலையில்லாக் காலத்தில் இளைஞர் படைகளை மலைக்கு அனுப்பி, கோடிக்கணக்கில் புதர்களைப் பிடுங்க வைத்தார்கள். விட்டுப்போன வேரிலிருந்து துளிர்த்தது. மண்ணில் பல வருடம் கிடந்த விதை முளைத்தது. மேற்கு மலைகளில் பூஞ்சை நகர்ந்துகொண்டே போனது. 1998-ல் வட கொலராடோவின் லிம்பர் பைன்களில், அவையும் ஐந்தூசிதான், கண்டுபிடித்தார்கள்.

இத்தனைக்கும் நோயைக் கொண்டுவந்தது இந்தப் புதர் இல்லை. அமெரிக்கப் பைனின் விதையை ஐரோப்பிய நாற்றங்காலில் மலிவாக வளர்த்து, 1900-களின் தொடக்கத்தில் நாற்றாகத் திருப்பி இறக்குமதி செய்தார்கள். அதோடு வந்தது. பழியை மட்டும் உள்ளூர்க்காரன் தலையில் கட்டினார்கள். 2006-ல் இன்னொன்றும் தெரிந்தது: காஸ்டிலேஜா, பெடிகுலாரிஸ் என்ற புல்வெளிப் பூச்செடிகளிலும் இந்தப் பூஞ்சை குடியிருக்க முடியும். அவற்றை யார் பிடுங்குவது?

இன்று பார்த்த இலைகளில் ஆரஞ்சு எதுவும் இல்லை.

செப்டம்பர் 20

பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் ஒரு லிம்பர் பைன், வேலியோரம் கரன்ட். "பிடுங்கிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பைனின் கீழ்க்கிளைகளில் ஊசி பழுத்துக் காய்கிறதா, பட்டை வீங்குகிறதா என்று வருடா வருடம் பாருங்கள். நோய் தண்டுக்கு இறங்குமுன் அந்தக் கிளையை மட்டும் வெட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு, அவர் வேலியிலிருந்தே ஒரு பிடி பழம் பறித்துவந்தேன். விதையைக் கழுவி ஈரமணலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. நான்கைந்து மாதக் குளிர் இல்லாமல் அது முளைக்காது.