பேசிக்கொண்டே கடந்த மூளை அறுவை சிகிச்சை

என் இடப்பக்க மூளையில், காதுக்குச் சற்று மேலே அமைந்த பொட்டு மடலின் பின்பகுதியில், மெல்ல வளரும் கட்டி ஒன்று இருந்தது. 1861இல் மருத்துவர் புரோக்காவும் 1874இல் மருத்துவர் வெர்னிக்கேயும் விவரித்த பேச்சுப் பகுதிகளைவிட, அவற்றை இணைக்கும் வெண்பொருள் எனும் நரம்பிழைகளைப் பற்றியே அறுவை மருத்துவர் நெடுநேரம் விளக்கினார். மூளையின் மேலடுக்கான புறணியின் ஒரு பகுதி பழுதானால் அண்டைப் பகுதிகள் அதன் வேலையை ஓரளவு ஏற்கக்கூடும். ஆழத்தில் ஓடும் இழைக்கற்றை அறுந்தால் ஈடுசெய்வது மிகக் கடினம்.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் அந்தப் பாதைகளை வரைந்தார்கள். நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்கே தடைபட்டும் நகர்வதை அளந்து, இழைகளின் திசையைக் கணினி கணிக்கிறது. மேலே வளைந்து நெற்றி மடலை அடையும் வில்வடிவக் கற்றையும், பிடரி மடலிலிருந்து கீழ்வழியாக அதே மடலுக்குச் செல்லும் மற்றொரு கற்றையும் கட்டியை ஒட்டியே தெரிந்தன. ஆனால் எந்த இழை என் பேச்சைச் சுமக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதனால்தான் நான் விழித்திருக்க வேண்டியிருந்தது.

மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. தலைத்தோல் மரத்துப்போக மருந்து செலுத்தியிருந்தார்கள். திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும் "இது ஒரு" என்று தொடங்கிப் பெயர் சொல்ல வேண்டும். அந்தத் தொடக்கம் வந்து பெயர் மட்டும் வராவிட்டால் சொல்லைத் தேடும் வழி தடைபட்டது என்றும், எதுவுமே வராவிட்டால் பேச்சே நின்றது என்றும் பிரித்தறிவார்கள். தொட்ட இடத்தைச் சற்றுநேரம் தடுக்கும் மெல்லிய மின்தூண்டல் ஓரிடத்தில் பட்டபோது நாற்காலியை மேசை என்றேன். அது சொல்லின் அர்த்தத்தைச் சுமக்கும் கீழ்வழிக் கற்றை. வேறோரிடத்தில் வண்ணத்துப்பூச்சி "வத்தணுப்பூச்சி" ஆயிற்று. ஒலிகளை வரிசைப்படுத்தும் வில்வடிவக் கற்றை அங்கே இருந்தது. தூண்டலை எடுத்ததும் சரியான சொல் தானாக வந்துவிட்டது. என் தவறுகள் ஒவ்வொன்றும் அறுவைக்கு ஓர் எல்லையை வகுத்ததை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பும் நன்றியும் மேலிடுகின்றன.

இத்தகைய சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள், தாங்கள் அன்றாடம் பேசும் எல்லா மொழிகளிலும் முன்சோதனை செய்யுமாறு கேளுங்கள். சில இடங்களில் தூண்டல் ஒரு மொழியை மட்டும் தடுப்பதுண்டு. வீக்கம் காரணமாக எனக்குச் சில வாரங்கள் சொற்கள் தாமதமாகவே வந்தன. பேச்சுப் பயிற்சியாளருடன் நாள்தோறும் படங்களுக்குப் பெயர் சொல்லியும், கேட்ட வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லியும் வர, அந்தத் தாமதம் படிப்படியாகக் குறைந்தது.