திடலில் பார்த்தது ஒன்று, செல்போனில் பார்த்தது வேறொன்று

விளையாட்டு விழாவின் தொடக்க நிகழ்ச்சியைப் பற்றி மறுநாள் வாட்ஸ்அப்பில் சண்டை கிளம்பினால், சேலத்தில் முதல் திட்டு நடன ஆசிரியைக்கு விழும். அடுத்தது பி.டி. சாருக்கு. மூன்றாவது ஆள் பாட்டு போட்ட சவுண்டு சர்வீஸ்காரர். நிகழ்ச்சி நிரலில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்நேரம் கைபேசியை அணைத்து வைத்திருப்பார்கள். காந்தி மைதானத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சண்டை கிளம்பும் விதத்தில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. ரசனை பற்றிய சண்டை என்று நாம் நினைக்கிற பலவும், யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்பதில் தொடங்குகிறது. தொடக்க நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி வம்பு குறையும்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 26 அன்று ஸேன் ஆற்றில் சுமார் 6 கி.மீ. தூரத்துக்கு 85 படகுகளில் வீரர்கள் வந்தார்கள். கலை இயக்குநர் தோமா ஜோலி. கொட்டுகிற மழை. மணிக்கணக்கில் ஓடிய அந்த நிகழ்ச்சியில் இன்றைக்கும் பேசப்படுவது ஒரே ஒரு காட்சி: நீள மேசை போன்ற மேடைக்குப் பின்னால் வரிசையாக நின்ற கலைஞர்கள், நடுவில் தலைக்குப் பின் ஒளிவட்டம் போன்ற அணிகலனுடன் ஒரு பெண். ஏசுவின் கடைசி இராவுணவு போலப் பலருக்கும் தெரிந்தது; கிறிஸ்தவத்தைக் கேலி செய்துவிட்டார்கள் என்று பிரெஞ்சு ஆயர்கள் கண்டித்தார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. கிரேக்கப் புராணத்து ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களின் விருந்துதான் தன் கற்பனை என்று ஜோலி விளக்கினார். சற்று நேரத்தில் நீலச் சாயம் பூசிய மதுக்கடவுள் டயோனிசஸ் பழங்கள் நடுவே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னது பொருந்துகிறது. ஆனால் உலகம் சுற்றிய படத்தில் பழத்தட்டு இல்லை. மேசையும் ஒளிவட்டமும்தான் இருந்தன. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று ஏற்பாட்டாளர்கள் ஜூலை 28 அன்று சொன்னார்கள். அந்த வாக்கியம் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

அதே இரவில் அப்பட்டமான தவறுகளும் நடந்தன. ஒலிம்பிக் கொடியைத் தலைகீழாக ஏற்றினார்கள். தென் கொரிய அணியை வட கொரியா என்று அறிவித்தார்கள். அந்தப் பிழைகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு மன்னிப்பு, விஷயம் முடிந்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் சின்னத்தின் ஐந்தாவது வளையம் விரியாமல் நின்றபோதும் இப்படித்தான். நிறைவு விழாவில் நடனக்காரர்களே அந்த விரியாத வளையத்தை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். பழுது என்றால் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று தோன்றிவிட்டால்தான் சிக்கல். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் 2004 இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் ஆடை விலகியது ஒரு வினாடிக்கும் குறைவாக. அதற்கு விதித்த 5,50,000 டாலர் அபராதத்தைப் பின்னால் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பேச்சு மட்டும் ஓயவில்லை.

இனி நம் மைதானத்துக்கு வருவோம். மாஸ் டிரில்லில் 200 பிள்ளைகளை நிறுத்தி ஐந்து வளையம் போடுவது எல்லோருக்கும் பிடித்த காட்சி. காகிதத்தில் அழகாக இருக்கும், டிரோனில் அதைவிட அழகாக இருக்கும். காலரியில் உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில், பிள்ளைகள் 40 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து பின்னாக 8 மீட்டருக்குப் போட்ட வளையம் அவர் கண்ணுக்கு 1 மீட்டர் உயரமுள்ள கோடாகச் சப்பிப்போகும். சிறப்பு விருந்தினர் மேடையின் உயரம் 4 அடி. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது முன்வரிசைத் தலைகள் மட்டும். ‘என்னத்த ஆடுனாங்க, கூட்டமா நின்னாங்க’ என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உருவத்தை முன்பின்னாக இரண்டு, மூன்று மடங்கு இழுத்துப் போடுவது. சாலையில் ‘பள்ளி’ என்று எழுதும்போது எழுத்தை நீட்டுவது போல. அப்படிச் செய்தால் டிரோன் படம் கோணலாகும். இன்னொன்று, படுக்கைவசத்தை விட்டு நிமிர்த்துவது: தலைக்கு மேல் பிடிக்கும் அட்டைகள், உயர்த்திப் பிடிக்கும் துணி, மனித கோபுரம். கோபுரம் என்றால் மூன்றடுக்குக்கு மேல் வேண்டாம். கீழே பாய் இல்லாமல் வேண்டவே வேண்டாம். யார் கண்ணுக்குச் செய்கிறோம் என்பதை ஒத்திகையின் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். காலரி, மேடை, டிரோன் மூன்றின் கண்ணுக்கும் சேர்த்துச் செய்தால் யாருக்கும் தெரியாது.

இடம் குறிக்கச் சுண்ணாம்பை நேரடியாகக் கொட்டாதீர்கள். இரண்டு மீட்டருக்கு ஒரு துணி முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சு விழும் இடத்தில் மட்டும் ஒரு பிடி சுண்ணாம்பு. 20 பத்தி, 10 வரிசை என்றால் 38 மீட்டருக்கு 18 மீட்டர். ஓட்டப்பாதை மேல் ஒரு பிடிகூட விழக்கூடாது. மறுநாள் காலை தடகளம் இருக்கும்.

அடுத்தது ஓசை. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையருகே மட்டும் ஸ்பீக்கர் அடுக்கினால் 100 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்குத் தாளம் 0.3 வினாடி தாமதமாக விழும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடிதான். பின்வரிசை அரைத் தட்டுக்கு மேல் பிந்தும். பார்ப்பவருக்கு ‘பிராக்டீஸ் பத்தல’ என்றுதான் தோன்றும். பிள்ளைகள் பாவம், காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் ஆடுகிறார்கள். ஸ்பீக்கரைத் திடலின் இரு பக்கமும் ஆடுபவர்களை ஒட்டிப் பிரித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் பறையோ பம்பையோ வைத்து நேரடியாக அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது வழி செலவு குறைவு, காதுக்கும் நன்றாக இருக்கும். ஏற்காட்டில் கோடை விழா மேடை என்றால் கூடுதல் தொல்லை பனிமூட்டம்: மாலையில் இறங்கினால் மைக் தலையில் ஈரம் கட்டி முணுமுணுக்கும், ஆடுபவர் கால் மேடைப் பலகையில் வழுக்கும். கார்பெட்டைப் பலகையோடு ஆணி அடித்து இறுக்காவிட்டால் அதுவும் நகரும்.

பாட்டுக்கு வருவோம். வரிகளை முழுதும் தாளில் எழுதிப் படிக்காமல் எந்தச் சினிமாப் பாட்டையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பல்லவி பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருக்கும், இரண்டாம் சரணத்தில் இரட்டை அர்த்தம் ஒளிந்திருக்கும். ரீமிக்ஸ் என்றால் நடுவே யாரோ ஒரு நடிகரின் பஞ்ச் வசனம், ஊர்ப் பெயர், சாதிப் பெருமை எல்லாம் ஒட்டியிருக்கும். நிகழ்ச்சியன்று ஆசிரியையின் பென் டிரைவிலிருந்து புதிதாக ஒரு கோப்பு வரும். அதைப் போடக் கூடாது. ஒத்திகையில் ஓடிய டிராக் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் நிறம். பலூன், ரிப்பன், தலைப்பாகை, அட்டை எதுவானாலும் சேர்க்கை எந்தக் கட்சிக் கொடியை நினைவூட்டுகிறது என்று பாருங்கள். கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு பேச்சு. நடுவில் வெள்ளை சேர்ந்தால் வேறு பேச்சு. நீலம், மஞ்சள், சிவப்பு அடுக்கினால் இந்த மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். இரு நிறச் சேர்க்கைகளில் சிலவற்றைச் சாதிச் சங்கங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. வாடகை டிரஸ் கடையில் இருந்ததை எடுத்தோம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊதா, இளஞ்சிவப்பு, மயில் நிறம் போன்றவை இன்னும் பிழைத்துக் கிடக்கின்றன. அதனால்தான் எல்லாப் பள்ளி விழாவும் ஊதாவும் ரோஸுமாக இருக்கிறது. ரசனை என்று நினைத்துவிட வேண்டாம்.

மூவண்ணத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. வாசலில் தேசியக் கொடியை ரங்கோலியாகப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் விருந்தினர் வாகனம் அதன் மேல் ஏறும், ஒருவர் படம் எடுப்பார். கொடியை இடுப்புக்குக் கீழே உடையாக அணிவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பு. எனவே மூவண்ணப் பாவாடை கூடாது. காவி, வெள்ளை, பச்சை அணிந்த மூன்று தனிக் குழுக்களை நிறுத்தி, சக்கரத்தை விட்டுவிட்டால் போதும், பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும். மூவண்ணக் காகிதத் தூளைத் தூவவே கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் அது செருப்புக்கு அடியில் கிடக்கும்.

இப்படி எச்சரிக்கையாக இருந்து இருந்து, கடைசியில் ஒரு வரவேற்பு பரதம், ஒரு சிலம்பம், ஒரு தேசபக்திப் பாட்டு என்று எல்லா விழாவும் ஒரே அச்சில் வந்து நிற்கிறது. இது சரியில்லை. தெருக்கூத்து இந்த மண்ணில் உயிரோடு இருக்கிறது. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனை அணிவகுப்புக்கு அறிவிப்பாளராக விட்டால் மேடைத் தமிழ் அறிவிப்பாளரைவிட நன்றாகச் சமாளிப்பார். அவர் வாய்க்குப் பூட்டுப் போட முடியாதே என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். பயம் நியாயம்தான், தலைப்பை மட்டும் கொடுத்து, பெயர் சொல்லிக் கிண்டல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் கேட்பார்கள். கரகாட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்தது ஆட்டத்தால் இல்லை, உடையைக் குறைத்த ஏஜென்ட்டுகளால். முழு உடையில், தவிலோடு, பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். சாமி வேடம் போட்டால் காலில் செருப்பு இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன் ஒலிம்பிக்கில் 2012-ல் திரைப்பட இயக்குநர் டேனி பாயில், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையைக் கொண்டாட, மருத்துவமனைக் கட்டில்களை மைதானத்தில் உருட்டி, செவிலியரை ஆடவிட்டார். ஆளுங்கட்சி எம்.பி. ஒருவரே அதை இடதுசாரிக் குப்பை என்று ட்விட்டரில் எழுதினார். அவர் கட்சிப் பிரதமரே அதை ஏற்கவில்லை. தன் ஊரின் தனிச் சரக்கைத் தைரியமாக வைத்த விழாதான் அது.

குரல் மாற்று விவகாரம் தனி. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் 2008 ஆகஸ்ட் 8 அன்று மேடையில் வாயசைத்தவள் 9 வயது லின் மியாவோகே, பாடியவள் 7 வயது யாங் பெயி. முகத்துக்காக ஒரு குழந்தையைப் பின்னுக்குத் தள்ளியது தெரிந்ததும் உலகம் முழுக்கக் கோபம். நம் ஊரில் தமிழ்த்தாய் வாழ்த்தில் இதே ஆசை தலைகாட்டும்: நல்ல ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு நான்கு பிள்ளைகளை மைக் முன் நிறுத்துவது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோதே, பயிற்சி பெற்றவர்கள் 55 வினாடியில் நேரில் பாட வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, பிள்ளைகளே பாடட்டும். சுருதிப் பெட்டியை மட்டும் மைக்குக்குப் பக்கத்தில் வையுங்கள்.

முக்கியப் பொறுப்பு ஒவ்வொன்றுக்கும் மாற்று ஆள் வேண்டும். டோக்கியோ பாராலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 24 அன்று இந்தியக் கொடியை ஏந்த வேண்டியவர் நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. விமானத்தில் கொரோனா தொற்றுள்ள ஒருவர் அருகே இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். டேக் சந்த் கொடியை ஏந்தினார். இங்கே ஜோதி ஏந்தும் வீராங்கனைக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே ஏற்பாடு கைகொடுக்கும்.

பறக்கவிடும் பலூனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலிவாகக் கிடைப்பது ஹைட்ரஜன். காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் போட்டு உருளையில் தயாரிக்கிறார்கள். ஜோதியோ பட்டாசோ பக்கத்தில் இருந்தால் கொத்தாக வெடித்து முகத்தைப் பொசுக்கும். ஹீலியம் விலை பல மடங்கு. காசு இல்லையென்றால் பலூனே வேண்டாம். புறாவும் அப்படித்தான்: 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜோதிக் கொப்பரையின் விளிம்பில் போய் உட்கார்ந்த புறாக்கள் தீ ஏற்றியதும் கருகின. டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு 2010-ல் சுமார் 40 கோடி ரூபாய்க்கு வாங்கிய ராட்சத பலூன் அழகாகத்தான் மிதந்தது. விலைதான் மிதக்கவிடாமல் அதை இழுத்துக்கொண்டே இருந்தது.

முழு ஒத்திகையன்று சம்பந்தமில்லாத மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்: ஒரு பாட்டி, ஒரு ஆட்டோக்காரர், ஒரு கல்லூரி மாணவர். கதை சொல்லாதீர்கள். வீடியோவை எடுத்து, பத்து வினாடிக்கு ஒருமுறை நிறுத்தி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் நினைத்ததோடு ஒட்டாத இடத்தில்தான் மறுநாள் வம்பு. பாரிஸ் மேசையை இப்படி நிறுத்திக் காட்டியிருந்தால் சேலம் நான்கு ரோட்டில் நிற்கும் யாரும் பதிலைச் சொல்லியிருப்பார்கள். அதற்காக அந்தக் காட்சியையே எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. டயோனிசஸை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் மேசையைக் காட்டியிருந்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் புகார் வந்தால், அன்று மாலைக்குள் முழு வீடியோவை வெட்டாமல் கொடுத்துவிட வேண்டும். பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். ‘புண்பட்டிருந்தால்’ என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. தவறு என்றால் தவறு, இல்லையென்றால் எதற்காக அப்படிச் செய்தோம் என்று நான்கு வரி. குழந்தைகளின் பெயரோ பள்ளியோ அந்தக் கடிதத்தில் வேண்டாம். பாட்டு வரித் தாள், ஒப்புதல் கையெழுத்து, உடையின் முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த படம், ஒத்திகை வீடியோ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அடுத்த வருடம் பொறுப்பேற்கும் பி.டி. சார் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து மாறுதலாகி வந்தவராகத்தான் இருப்பார்.